காற்றில்லாமல் ஓடிய டயர்

அத்தியாயம் 14

தங்கையின் நிச்சயதார்த்த அழைப்பிதழில் ரோகினியின் பெயர் இல்லை. போன வாரம் அந்த அட்டை கைக்கு வந்ததும் அவள் அழவில்லை. சண்டை பிடிக்கப் போன் போடவும் இல்லை. கடையில் ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கு அடியில் அதை நாலாக மடித்துச் செருகினாள். ஆட்டம் நின்றது.

அதனால்தான் இந்தச் சனிக்கிழமை அண்ணன் யோகேந்திரன் பகாவ் ஊரில் இருக்கும் அவள் கடை வரை தாம்பூலத் தட்டோடு வந்திருந்தான். கூடவே தங்கை விமலா. வண்டியை ஓட்டி வந்தவன் விமலாவுக்குப் பேசி முடித்திருக்கும் மாப்பிள்ளை அருட்செல்வன். "அக்கா வராத நிச்சயதார்த்தம் எனக்கு வேணாம்" என்று விமலா ஒற்றைக் காலில் நின்றதில்தான் அண்ணனுக்கு இந்த ஞானம் வந்தது.

யோகேந்திரன் செரம்பான் நகரத்து லோபாக்கில் வீடு வாங்கி, கையுறைத் தொழிற்சாலையில் அதிகாரியாகி, வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்பு விழாமல் வாழ்பவன். புருஷனை விட்டு வந்து டயர் கடை போட்ட தங்கையைப் பற்றிச் சம்பந்தி வீட்டில் அவன் சொல்லி வைத்திருந்தது, "வாகன உதிரிபாக வியாபாரம்."

தட்டை நீட்டும் முன்பே ரோகினியின் கண் காரின் மேல் போய்விட்டது.

"தம்பி, வண்டி இடப்பக்கமா இழுக்குதா?"

அருட்செல்வன் சாத்திய கதவின் மேல் கை வைத்தபடி நின்றான். "ஆமாக்கா. கோலா பிலா தாண்டினதுலேர்ந்து உதறல் வேற. ரோடு சரியில்லன்னு நெனச்சேன்."

"ரோடு நல்லாத்தான் இருக்கு. முன் டயர்தான் நல்லால்ல."

யோகேந்திரன் குனிந்து பார்த்தான். "நல்லாத்தானே நிக்குது? வந்து கால் வைக்கல, அதுக்குள்ள யாவாரத்த ஆரம்பிச்சிட்டியா?"

கண்ணுக்கு அவன் சொன்னது சரிதான். சாதாரண டயரில் காற்று போனால் அது அப்பளமாகத் தரையில் படுத்துவிடும். இது ரன்ஃபிளாட். பக்கச் சுவர் தடித்த ரப்பர். காற்று முழுக்கப் போனாலும் வண்டியைத் தாங்கி நிற்கும். பக்கத்தில் இருக்கும் பட்டறை வரைக்கும் மெல்ல உருட்டிக்கொண்டு போய்ச் சேரலாம். அவ்வளவுதான் அது தரும் சலுகை. அதை நம்பித்தான் இந்த வண்டிகளில் மாற்று டயரே வைத்து அனுப்புவதில்லை. செத்த பிறகும் உயிரோடு இருப்பது போல நிற்கும். வில்லங்கமே அதுதான்.

ரோகினி காற்றுமானியை வைத்துப் பார்த்தாள். முள் அசையவில்லை.

"முத்தாயி, ஜாக்கைக் கொண்டா."

முத்தாயியும் இவர்களைப் போல லிங்கி எஸ்டேட்டுக்காரி; இருபது வருடம் அங்கே எண்ணெய்ச் செம்பனைக்கு மருந்து அடித்தவள். ஐந்து வருடமாக ரோகினியின் கடையில் டயர் மெஷினைப் பிடித்திருக்கிறாள். அவளுக்கு வாயும் கையும் ஒரே வேகம். "மாப்ள வண்டியா?" என்று ஜாக்கை உருட்டி வந்தாள். "சீமைக் காருக்குக் கால் நோவு. பதனமாத்தான் தூக்கணும்."

"சீக்கிரம் ஆவட்டும்லா," என்றான் யோகேந்திரன். "நாலு மணிக்குச் செரம்பான்ல இருக்கணும்."

நாலு மணிதான் அன்றைய நாளின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அருட்செல்வனின் பெரிய அத்தை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருக்கிறாள். நாலு மணிக்கு விமலாவைப் பார்த்துவிட்டு இன்று ராத்திரி விமானத்தில் திரும்புகிறாள். அவன் அப்பா கனகசுந்தரம், அந்த அக்காவின் வாயிலிருந்து ஒரு 'சரி' வராமல் எதையும் செய்யாத மனிதர். ஓய்வு பெற்ற அரசாங்க அதிகாரி. அவருடைய வீட்டில் மூன்று தலைமுறையாக எழுதுகோல் பிடித்தவர்கள். விமலாவின் வீட்டில் மூன்று தலைமுறையாக ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். அத்தைக்கு அது ஒரு குறையா இல்லையா என்பது நாலு மணிக்குத் தெரியும்.

சக்கரம் கழன்று வந்தது. ஓடும் பட்டையின் நடுவில் ஆணி. ரோகினி குறட்டால் பிடுங்கினாள். குட்டையான ஆணி. தலைக்கு அடியில் சிவப்பும் மஞ்சளுமாக ஏதோ இழை நசுங்கிச் சிக்கியிருந்தது. கடை வழக்கப்படி அதைச் சுவரில் இருந்த காந்தத்தில் ஒட்டிவிட்டாள். வண்டி கடையை விட்டுப் போகும்வரை அதன் ஆணி அங்கேதான் இருக்கும். 'நீயே குத்திட்டுக் காசு கேக்குற' என்று சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

"நடுவுலதானே இருக்கு?" என்றான் யோகேந்திரன். "வெளியிலேர்ந்து குத்தி அடச்சி விடு. பத்து நிமிஷம்."

"உள்ள பாக்காம ஒண்ணும் செய்ய முடியாதுண்ணே."

"உள்ள எதுக்கு? எல்லாரும் வெளியிலேர்ந்துதானே அடைக்கிறான்?"

"அடைக்கிறான். எல்லார்கிட்டயும் போவாம என்கிட்ட ஏன் வந்தீங்க?"

மெஷின் டயரின் வாயை ரிம்மிலிருந்து பிரித்தது. ரோகினி கையை உள்ளே விட்டு எடுத்தாள். உள்ளங்கை நிறைய கறுப்புத் தூள்.

கைவிளக்கை உள்ளே காட்டினாள். உள்சுவர் நெடுக வட்டமாகத் தேய்ந்திருந்தது. விரலால் அழுத்தினால் ரப்பர் பொரிந்து உதிர்ந்தது. ஓரிடத்தில் உள்ளே இருக்கிற நூலே வெளியே தெரிந்தது.

"இது என்னாக்கா?" அருட்செல்வன் அந்தத் தூளைத் தொட்டுப் பார்த்தான்.

"டயர்தான். வெளிய பளபளன்னு இருக்கு, உள்ள மாவாப் போச்சு. என்ன வேகத்துல வந்தீங்க?"

"நூறு... சில எடத்துல நூத்திப்பத்து."

"புக்கிட் பூத்துஸ் மலை எறக்கத்துல?"

அவன் விரலில் ஒட்டிய தூளைத் தட்டிவிட்டான். விமலா காரின் இடது முன் இருக்கையைப் பார்த்தாள். அவள் உட்கார்ந்து வந்த இடம். அதற்கு நேர் முன்னால்தான் சக்கரமில்லாத பள்ளம்.

ரோகினி கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு காருக்குள் ஏறினாள். காற்று குறைந்தால் எரிய வேண்டிய விளக்கு ஒன்று இருக்குமே, அது என்ன ஆயிற்று? சாவியைத் திருப்பினாள். வேகம் காட்டும் கண்ணாடியின் மூலையில் முருகனின் வேல் போட்ட ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தில் ஆரஞ்சு நிறம் கசிந்தது.

நகத்தால் உரித்தாள். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டயர் படமும் ஆச்சரியக்குறியும்.

"இங்க வா விமலா. பாரு."

விமலா பார்த்தாள். அவள் லிங்கி தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. பொய் சொல்லும் பிள்ளைகளை நிற்கும் விதத்திலேயே கண்டுபிடிப்பவள். மெதுவாகத் திரும்பினாள்.

"அருள், இந்த ஸ்டிக்கர் ஏன் இங்க ஒட்டியிருக்கு?"

அருட்செல்வன் ஸ்டிக்கரைப் பார்த்தான். பிறகு ஒரே ஒரு தடவை யோகேந்திரனைப் பார்த்தான். யோகேந்திரன் சட்டைப் பித்தானைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நான் கவனிச்சிருக்கணும்," என்றான் அருட்செல்வன். "என் தப்புதான்."

"கவனிக்கலியா? வெளக்க மூடிட்டு ஓட்டுறதுக்குப் பேரு கவனிக்காததா?" என்று விமலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் ரோகினியின் கையிலிருந்த ஸ்டிக்கரை வாங்கி மேசையின் மேல் வைத்தான்.

ரோகினிக்கு உச்சந்தலை வரை ஏறியது. டயரைப் பட்டினி போடுகிறவர்களை அவள் தினமும் பார்க்கிறாள். சோம்பேறிகள், மறதிக்காரர்கள். ஆனால் 'ஆபத்து' என்று எரியும் விளக்கின் மேல் சாமியை ஒட்டி மறைத்தவனை இன்றுதான் பார்க்கிறாள். அவன் பக்கத்தில் அவளுடைய தங்கை உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

"இந்த டயர் இனி ஓடாது," என்றாள். "பேட்ச் போட மாட்டேன். புதுசு செரம்பான்லேர்ந்து வரணும். இந்த நேரத்துக்குச் சொன்னா திங்கக்கெழமதான் வரும். வண்டி இங்கயே நிக்கட்டும். என் பிக்கப்ல உங்கள கொண்டு போய் விடுறேன். மூணு மணிக்கெல்லாம் போயிடலாம்."

யோகேந்திரன் வெளியே நின்ற பிக்கப்பைப் பார்த்தான். இரண்டு கதவிலும் ஓர் அடி உயர எழுத்தில் 'ரோகினி டயர்'.

"அதுலயா? பொண்ண சம்பந்தி வீட்டு வாசல்ல டயர் வண்டியிலேர்ந்து எறக்கச் சொல்றியா?"

"உசுரோட எறக்கச் சொல்றேன்."

"எல்லாத்துலயும் பிடிவாதம். இரு, அங்கிள்கிட்டயே பேசு." அவன் கனகசுந்தரத்துக்குப் போன் போட்டு, ஒலியைக் கூட்டி, அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"ரோகினி பிள்ளை," என்றது நிதானமான யாழ்ப்பாணத் தமிழ்க் குரல். "நான் கனகசுந்தரம் கதைக்கிறன். அது பஞ்சரானாலும் ஓடுற டயரல்லோ? அதுக்கெண்டுதானே போட்டது. ஒரு பேட்ச் போட்டு விடுங்கோ. அக்கா காத்துக்கொண்டிருக்கிறா."

"ஓடும் ஐயா, கொஞ்ச தூரம், மெதுவா. இது ஓட வேண்டியதெல்லாம் ஓடி முடிச்சிருச்சு."

"என்ர செரம்பான் டயர் ஆள் ஒரு நாளும் அப்பிடிச் சொல்லேல்லையே."

"அவரு இந்த டயரத் தொறந்து பாத்தாரா?"

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம். பிறகு, "கடை வச்சிருக்கிற ஆக்கள் புது டயர் விக்கத்தான் பாப்பினம். நான் பிழை எண்டு சொல்லேல்ல, பிள்ளை" என்றார்.

முத்தாயி கையிலிருந்த இரும்பு நெம்புகோலைத் தரையில் போட்டாள். வேண்டுமென்றேதான்.

"ஐயா," என்றாள் ரோகினி, "என் கடையில இந்த சைஸே இல்ல. விக்கிறதுக்கு என்கிட்ட ஒண்ணுமில்ல. உங்க வீட்டுக்கு மருமகளா வரப்போறவ உக்காந்து வந்த பக்கத்து டயர் இது. எரியற வெளக்க ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சிருக்கீங்க. அதான் உங்க வீட்டுப் பழக்கம்னா, எங்க வீட்டுப் பொண்ண நான் அந்த வண்டியில ஏத்த மாட்டேன்."

போன் வைக்கப்பட்டது. அவர் வைத்ததில் கோபச் சத்தம்கூட இல்லை. அதுதான் யோகேந்திரனை நடுங்க வைத்தது.

"போச்சு. எல்லாம் போச்சு. டயரக் கொடு. பாசார் பக்கம் சீனன் கடையில அடச்சிக்கிறேன்." அவன் வெள்ளைச் சட்டையோடு டயரை நிமிர்த்தி உருட்டத் தொடங்கினான்.

ரோகினியின் கடையில் ஒரு சட்டம் உண்டு. ஓடாது என்று அவள் சொன்ன டயர் முழுசாக வெளியே போகாது. போனால் எவனாவது மை பூசி, பளபளப்பாக்கி, இன்னொரு ஏமாளியின் வண்டியில் மாட்டிவிடுவான். லாரிக்காரனுக்கும் அதே சட்டம், போலீஸ்காரனுக்கும் அதே சட்டம்.

அவள் கிரைண்டரை எடுத்தாள்.

"ஏய், ரோகினி! அது அவங்க பொருளு!"

"அவங்க பொருளுதான். அவ நம்ம தங்கச்சி."

டயரைக் காலால் சாய்த்து மிதித்துக்கொண்டு பக்கச் சுவரில் தகட்டை வைத்தாள். கடை முழுவதும் அலறல். எரிந்த ரப்பர் நாற்றம். யோகேந்திரன் சட்டையை மூக்கில் பொத்திக்கொண்டு பின்னால் போனான். தடித்த சுவர் கை அகலத்துக்கு வெட்டுப்பட்டுத் துண்டாக விழுந்தது. அதன் உள்பக்கம் எல்லோரும் பார்க்கிற மாதிரி மேலே திரும்பிக் கிடந்தது. பொரிந்த கறுப்பு, நடுவே கிழிந்த நூல்.

அருட்செல்வன் அதைக் குனிந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"நல்ல வேலை செஞ்சீங்கக்கா," என்றான். "டயர் போனா போவட்டும். நான் பஸ்ல முன்னாடி போறேன். அத்தைக்கும் அப்பாவுக்கும் நான் சொல்லிக்கிறேன்."

"என்னான்னு சொல்லுவ?" என்று விமலா கேட்டாள். பேருந்து நிலையத்தை நோக்கித் திரும்பியவன் நின்றான். மறுபடியும் யோகேந்திரனைப் பார்த்தான். பிறகு நடந்தான்.

விமலா நாற்காலியில் உட்கார்ந்தாள். பட்டுப்புடவையில் கிரீஸ் ஒட்டியதை அவள் கவனிக்கவில்லை.

யோகேந்திரன் இப்போது பேச ஆரம்பித்தான். "சந்தோஷமா? உன் குடும்பத்தக் கெடுத்துக்கிட்ட. இப்ப இவளோடதும் சேத்து. அந்த மனுசன் எவ்வளவு மரியாதையாப் பேசுனாரு? நீ வாய வச்சிட்டு சும்மா இருந்திருந்தா..."

"இருந்திருந்தா?"

"ஒரு பேட்ச் போட்டிருந்தா, மெதுவா ஓட்டிட்டுப் போயிருக்கலாம்ல? டயர் நல்லாத்தானே நின்னுச்சு? அன்னைக்கும் நல்லாத்தான் நின்னுச்சு."

ரோகினி கிரைண்டரின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். 'அன்னைக்கும்' என்ற சொல் காதில் விழுந்தது. அது மனத்தில் உட்காரும் முன் முத்தாயி கூப்பிட்டாள்.

அவள் தரையைக் கூட்டிக்கொண்டே சுவர்க் காந்தத்துக்குப் பக்கத்தில் போயிருந்தாள். ஆணியைக் கண்ணுக்கு நேரே பிடித்திருந்தாள்.

"யம்மா, இது நம்ம கோயில் பந்தல் ஆணி."

"எந்தக் கோயில்?"

"லிங்கி எஸ்டேட்டு கோயில்தான். திருவிழாவுக்கு இந்தச் செவப்பு மஞ்ச தோரணம் நான்தானே ஆணி வச்சி அடிச்சேன். போன ஞாயித்துக்கெழம வண்டி பூச போட்டாங்களே, அப்ப பந்தலப் பிரிச்சானுங்க, ஆணியப் பொறுக்கல. அதே தெடல்ல வண்டிய வரிசையா வுட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சி நசுக்கச் சொன்னானுங்க. ஆணி கெடக்குதுன்னு கத்துனேன். பொம்பள பேச்ச எவன் கேட்டான்? என் மோட்டர் சைக்கிளுக்கும் ஒண்ணு ஏறுச்சு." அவள் மேசையில் கிடந்த ஸ்டிக்கரைத் துடைப்பத்தால் காட்டினாள். "இந்த வேலும் அங்க குடுத்ததுதான். என் மோட்டர்லயும் இருக்கு."

விமலா நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"மாப்ள அன்னைக்குக் கோயிலுக்கு வந்தாரா?" என்று ரோகினி கேட்டாள்.

"வரல," என்றாள் விமலா. குரல் தட்டையாக இருந்தது. "அவரு பினாங்குல இருந்தாரு. சம்பந்தி வீட்டுக் காருக்கும் பூச போடணும்னு அண்ணன்தான் கேட்டு வாங்கிட்டுப் போச்சு. கோயில் கமிட்டிக்காரங்க எல்லாரும் பாக்கணும்ல, சீமைக் கார்ல வந்து எறங்குறத."

யோகேந்திரன் மேசையைப் பிடித்துக்கொண்டான். அட்டையின் மேல் நின்ற மேசை ஆடவில்லை.

"திரும்பி வர்றப்ப வெளக்கு எரிஞ்சுது," என்றான். "எறங்கி நாலு டயரையும் பாத்தேன். எல்லாம் நல்லா நின்னுச்சு. ஏதோ வயர் கோளாறுன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"எரவல் வாங்கிட்டுப் போன வண்டி. வெளக்கோட குடுத்தா என்ன நெனைப்பாங்க? தோட்டத்துக்காரனுக்குக் காரு ஓட்டத் தெரியலன்னு... கைல ஸ்டிக்கர் இருந்துச்சு."

"திங்கக்கெழமையே சொல்லியிருந்தா உள்ள ஒரு பேட்ச். பத்து நிமிஷம். நீ கேட்ட அதே பத்து நிமிஷம்." அண்ணனை 'நீ' என்று அவள் கூப்பிட்டு எத்தனையோ வருடமாயிற்று. "ஆறு நாளா ஆணியோட கொஞ்சம் கொஞ்சமா எறங்கியிருக்கு. இவ அது மேல உக்காந்து மலை எறங்கி வந்தா. பின் சீட்டுல நீ உக்காந்திருந்த. தெரிஞ்சிக்கிட்டே உக்காந்திருந்த."

"தெரியாது! சத்தியமாத் தெரியாது! வயருன்னுதான்..."

"அதனாலதான் டயரத் தொறக்க வேணாம்னியா?"

யோகேந்திரன் சட்டைப் பித்தானைத் தடவினான்.

ரோகினி வெட்டுப்பட்ட டயரைப் பார்த்தாள். டயரைப் பற்றி அவள் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை. ஆனால் அந்த மனிதரிடம் 'உங்க வீட்டுப் பழக்கம்' என்று சொல்லிவிட்டாள். பழக்கம் இங்கே, அவள் வீட்டில், வெள்ளைச் சட்டையில் நின்றுகொண்டிருக்கிறது. அருட்செல்வன் அதைத் தெரிந்துகொண்டேதான் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறப் போயிருக்கிறான். மைத்துனனைக் காட்டிக்கொடுக்காத மரியாதை. அந்த மரியாதைக்கு விமலா கொடுத்த கூலி, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

விமலா போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள். "எடுக்க மாட்றாரு. ஆஃப் பண்ணிட்டாரு போல."

மணி ஒன்று நாற்பது. ரோகினி பிக்கப் சாவியைச் சுவர்க் கொக்கியிலிருந்து எடுத்தாள். வெட்டிய டயர்த் துண்டை யோகேந்திரனின் கையில் வைத்தாள். வெள்ளைச் சட்டையில் கறுப்பு அப்பியது. பந்தல் ஆணியையும் ஸ்டிக்கரையும் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஏறு."

"எங்க?"

"செரம்பானுக்கு. என் வாயால சொன்னதுக்கு நான் மன்னிப்புக் கேக்கணும். உன் கையால ஒட்டுனத நீ சொல்லணும். அந்த ஆஸ்திரேலியா அத்தை முன்னால சொல்லணும்."

"சொன்னா கல்யாணமே நின்னுடும், ரோகினி."

"அது எனக்கு வேணுமா வேணாமான்னு நான் சொல்றேன்," என்றாள் விமலா. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள்தான் முதலில் பிக்கப்பில் ஏறினாள். முன் சீட்டில்.

முத்தாயி எச்சில் தொட்டுப் பிக்கப் கதவு எழுத்தின் மேல் இருந்த தூசியைத் துடைத்தாள். "போற எடத்துல கடை பேரு நல்லாத் தெரியட்டும்."

யோகேந்திரன் டயர்த் துண்டோடு ஒரு காலை ஏற்றி வைத்தபோது அவன் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். கனகசுந்தரம்.

அவன் ரோகினியைப் பார்த்தான். ரோகினி வண்டியைக் கிளப்பாமல் காத்திருந்தாள்.

"எடு."

போன் அடித்து ஓய்ந்தது. அடுத்த நொடியே மறுபடியும் அடிக்கத் தொடங்கியது. கறுப்பு படிந்த விரல் திரைக்கு மேலே நின்றது.